நேர்காணலில் கேட்ட சொல்லைக் கவிதையாக்கலாமா? எச்.ஐ.வி., போதை ஊசி ஆய்வில் இருப்பவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்களிடையே எச்.ஐ.வி. பரவுவது பற்றிய ஆய்வுக்காகச் சென்னையில் நேர்காணல் எடுக்கிறீர்கள், கவிதையும் எழுதுகிறீர்கள், இரண்டையும் சேர்த்தால் ஆய்வின் நம்பகத்தன்மை கெட்டுவிடுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வேறொன்று இருக்கிறது. “அவங்க சொன்ன வாக்கியங்கள் மண்டைக்குள்ளேயே சுத்துது, எழுதாம இருக்கவும் முடியல, எடுத்து எழுதவும் கை வரல” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி இந்தத் தயக்கம்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தயக்கம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். அதற்காக எழுதாமல் இருக்கவும் வேண்டாம்.

இரண்டையும் ஒருவரே செய்வது புதிதல்ல. நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஃப்ரீட்மன் சமூகவியலாளர். 1980-களிலிருந்து போதை ஊசியும் எச்.ஐ.வி.யும் பற்றி ஆராய்ந்தவர், கவிஞரும்கூட. அவருடைய கவிதைத் தொகுப்பு 2008-இல் வெளிவந்தது. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தில், போதைப்பொருள் எடுப்பவர்கள் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள், எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆய்வாளர் டான் டெஸ் ஜார்லேயும் ஃப்ரீட்மனும் இருந்த குழு அதற்கு நேர்மாறானதைக் காட்டியது. அரசு சுத்தமான ஊசி கொடுக்கும் எந்தத் திட்டமும் தொடங்குவதற்கு முன்பே, நியூயார்க் தெருக்களில் புது ஊசிக்குக் கிராக்கி ஏறியிருந்தது. எய்ட்ஸ் பற்றிய செய்தி காதில் விழுந்ததும் அவர்கள் தாங்களாகவே மாறத் தொடங்கியிருந்தார்கள். நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பயன்படுத்துவோரே சங்கம் வைத்திருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1984-இல் பழைய ஊசியைக் கொடுத்துப் புதிது வாங்கும் ஏற்பாடு வந்ததற்கு அந்தச் சங்கம்தான் காரணம், அப்போது அவர்கள் பயந்தது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கு. 1990-களின் தொடக்கத்தில் புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் ஃப்ரீட்மன் குழு செய்த ஆய்வு, தனியாளின் பழக்கத்தோடு நிற்காமல், யார் யாரோடு சேர்ந்து ஊசி போடுகிறார்கள் என்ற உறவு வலையையே வரைந்து பார்த்தது. கவிஞர் ஒருவர் இந்தத் துறைக்குள் வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்கு இதுதான் நல்ல எடுத்துக்காட்டு. கட்டுரைக்கு மேலே ஒட்டும் நான்கு அழகான வரிகளைவிட, எதைக் கேள்வியாகக் கேட்பது என்பதிலேயே அந்தப் பார்வை வேலை செய்கிறது.

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும், அது கனடாவின் வான்கூவர். அங்கே டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்ற ஏழைப் பகுதியில் 1996-இல் போதை ஊசி எடுப்பவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. 1997-இல் வெளியான முதல் முடிவில், சேர்ந்த ஆயிரம் பேரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. புதிதாகத் தொற்றும் வேகம் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கும் மேல். பணக்கார நாட்டு நகரம் ஒன்றில் இப்படி ஓர் எண் அப்போது யாரும் எதிர்பாராதது. அதே பகுதியில் வாழ்ந்த கவிஞர் பட் ஆஸ்பார்ன், தானும் ஹெராயின் எடுத்தவர். அந்த 1997-இல், அளவு மீறிய போதையால் செத்தவர்களுக்காக ஓப்பன்ஹைமர் பூங்காவில் ஆயிரம் சிலுவைகளை ஊன்றினார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய கவிதை அந்தப் பகுதியின் வாயில் இன்றும் இருக்கிறது. அவர் கவிதையோடு நிற்கவில்லை. வட்டாரச் சுகாதார வாரியத்தில் உறுப்பினராக உட்கார்ந்து, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பயன்படுத்துவோர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2003-இல் அங்கே செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் மையம் திறந்தது. வட அமெரிக்காவில் சட்டப்படி நடந்த முதல் மையம் அது. 2011-இல் வெளியான ஆய்வின்படி, மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் போதை மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. நகரின் மற்ற இடங்களில் குறைந்தது 9 சதவீதம் சொச்சம். கவிதையால்தான் மையம் திறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்வு எண்கள், சங்கம், பிள்ளைகளை இழந்த பெற்றோர், நகர அரசியல் எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது, யார் கை எவ்வளவு இழுத்தது என்று பிரித்து அளக்க வழியில்லை. பின்னாளில், 2009-இல், ஆஸ்பார்னும் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரும் நகரின் முன்னாள் போதைக் கொள்கை அதிகாரியும் சேர்ந்து அந்த வரலாற்றை ஒரே நூலாக எழுதினார்கள். கவிதையும் ஆவணமும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அந்த அமைப்பைப் பாருங்கள்: கவிதை கவிதையாகவே நிற்கிறது, ஆவணம் ஆவணமாகவே நிற்கிறது.

“கவிதை கலந்தால் துல்லியம் போய்விடும்” என்று உங்கள் வழிகாட்டி சொல்லக்கூடும். எண்ணும் தனியாக விட்டால் துல்லியமாக இருப்பதில்லை என்பதற்கு அதே வான்கூவர் ஆய்வே சாட்சி. அந்த நகரம் அப்போது ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் ஊசி கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் தொற்று பாய்ந்ததால், “ஊசி கொடுத்தால் எச்.ஐ.வி. கூடும்” என்று அமெரிக்காவில் ஊசித் திட்டங்களை எதிர்த்தவர்கள் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டார்கள். எண்ணுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை வேறு. அங்கே பெரிதும் புழங்கியது கொக்கெயின். அதன் வேகம் சீக்கிரம் இறங்கிவிடுவதால் ஒரே நாளில் இருபது முறைகூட ஊசி போடுவார்கள். எத்தனை ஊசி கொடுத்தாலும் அதற்குப் போதாது, இரவில் கிடைப்பதோ இன்னும் கஷ்டம். ஆபத்து அதிகமுள்ளவர்கள்தான் ஊசி மையத்துக்கும் அதிகம் வருவார்கள் என்பதால், வந்தவர்களையும் வராதவர்களையும் வைத்துச் செய்த ஒப்பீடும் சாய்ந்திருந்தது. ஆய்வாளர்கள் பத்திரிகையில் எழுதி விளக்க வேண்டிய நிலை வந்தது. இருபதாவது ஊசி தேவைப்படும் நடுராத்திரி எப்படியிருக்கும் என்பது அட்டவணையில் தெரியாது. அதைத் தெரியவைப்பது நியாயமாகக் கவிதையின் வேலை.

இனி செய்முறை. முதலில் ஆய்வுப் பகுப்பாய்வை முடியுங்கள், கவிதை அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் நடப்பது என்னவென்றால், காதுக்கு நன்றாக விழும் வாக்கியம் எதுவோ அதுவே ஆய்வின் கருப்பொருளாகிவிடும். இருபது பேரில் ஒருவர் அழகாகச் சொன்னது, பத்தொன்பது பேர் தட்டுத்தடுமாறிச் சொன்னதை மறைத்துவிடும். வாக்கியங்களைப் பொருள்வாரியாகப் பிரித்துக் குறியீடு போட்டு, எது எத்தனை பேரிடம் வருகிறது, எதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகு, பேச்சை அப்படியே எழுதி வைத்த எழுத்துப்படியைக் கவிதைக்காகத் திரும்ப எடுங்கள். அப்போது உங்களுக்குத் தெரியும், நீங்கள் எடுக்கும் குரல் பெரும்பான்மையின் குரலா, தனிக்குரலா என்று. தனிக்குரலை எழுதக் கூடாது என்றில்லை, தனிக்குரல் என்று தெரிந்து எழுத வேண்டும்.

அடுத்து, எந்த வகைக் கவிதை என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். பேசியவரின் சொற்களை மட்டும் வைத்துச் செய்வது ஒரு வகை: வெட்டலாம், திரும்பச் சொல்லலாம், ஆனால் நீங்கள் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. சமூகவியலாளர் லாரல் ரிச்சர்ட்சன் 1992-இல் செய்தது இது. திருமணம் செய்யாமல் தாயான ஒரு பெண்ணின் நேர்காணல் 36 பக்கம் வந்தது, அவள் சொற்களை மட்டும் வைத்து அதை மூன்று பக்கக் கவிதையாக்கினார். பலருடைய சொற்களை ஒரே குரலாகப் பின்னுவது இன்னொரு வகை. அடையாளம் மறைக்க அது வசதி, ஆனால் அப்படி ஓர் ஆள் கிடையாது என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது, கேட்டவராகிய உங்கள் குரல்: நீங்கள் பார்த்தது, உங்களை உறுத்தியது. தொடங்குபவருக்கு இதுதான் பத்திரம், அதிகம் பேர் ஒதுக்குவதும் இதைத்தான். மூன்றில் எது என்று கவிதைக்கு மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். முதல் வகை என்றால், கவிதையின் எந்த வரி எழுத்துப்படியின் எந்த வரியிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மணி நேர நேர்காணல் பதினைந்து இருபது பக்கம் வரும். முதல் வெட்டில் இரண்டு பக்கம், அடுத்ததில் முப்பது நாற்பது வரி என்று இறங்குங்கள், ஒரே மூச்சில் இறங்கினால் மிஞ்சுவது பழமொழி மாதிரி ஏதோ ஒன்றுதான்.

ஒரு மாதிரி வைத்துப் பார்ப்போம். கீழே வருவது இந்தப் பதிலுக்காக நான் எழுதியது, யார் வாக்குமூலமும் இல்லை. எழுத்துப்படியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “அப்போ எனக்குக் கை நடுங்கும் சார், நரம்பு கெடைக்காது. அவன்தான் போட்டு விடுவான். அவன் போட்டுட்டு அப்புறம் எனக்கு. தண்ணி ஒரே மூடிதான். ஊசி எனக்குத் தனி, அதுல நான் கரெக்டா இருப்பேன்.” இதை வெட்டினால்:

கை நடுங்கும்
நரம்பு கெடைக்காது
அவன்தான்
போட்டு விடுவான்

அவன் போட்டுட்டு
அப்புறம் எனக்கு

ஊசி தனி
அதுல நான் கரெக்டா இருப்பேன்

தண்ணி
ஒரே மூடிதான்

தமிழில் வினை கடைசியில் வருவதால் வரியை எங்கே முறிக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. ‘அவன்தான்’ என்று முறித்து நிறுத்தினால், அடுத்த வரி வரும்வரை அந்த ஆள் அங்கேயே நிற்கிறான். அதைவிட முக்கியம் ‘போட்டேன்’ என்பதற்கும் ‘போட்டு விட்டான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். கேள்வித்தாளில் “கடந்த மாதம் ஊசி போட்டீர்களா” என்றுதான் இருக்கும், ஆம் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். யார் கையால் என்பது விடுபட்டுப்போகும். பிறர் கையால் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுதல் என்று வான்கூவர் ஆய்வுகள் பிறகு காட்டின. அப்படிப் பிறர் உதவி தேவைப்பட்டவர்களில் பெண்கள் அதிகம். போட்டுவிடுபவர் பெரும்பாலும் தனக்குப் போட்டுக்கொண்ட பிறகே அடுத்தவருக்குப் போடுவார், எந்த ஊசி, எந்தத் தண்ணீர் என்று போட்டுக்கொள்பவர் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். ‘விடு’ என்ற அந்தத் துணைவினை நம் பேச்சில் அதைச் சும்மா சொல்லிக்கொண்டு போகிறது. கவிதைக் காதோடு எழுத்துப்படியைப் படிப்பவருக்கு அது தட்டும், தட்டினால் அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் ஒரு கேள்வி சேரும். கவிதை ஆய்வுக்குத் தரும் லாபம் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

இப்போது அதே மாதிரியில் நான் செய்த தவறையும் பாருங்கள். பேசியவர் முடித்தது “அதுல நான் கரெக்டா இருப்பேன்” என்று. அது அவருடைய மரியாதை. நான் தண்ணீர் வரியைத் தூக்கிக் கடைசியில் போட்டேன், கவிதை சட்டென்று கனத்துவிட்டது. சொல் எதையும் சேர்க்கவில்லை, விதியை மீறவில்லை, ஆனாலும் அவர் பெருமையாகச் சொன்னதை அவர் அறியாமைக்குச் சாட்சியாகத் திருப்பிவிட்டேன். சொல்லைச் சேர்க்காமலே ஒருவரை மாற்றிவிட முடியும். அதனால் முதல் வகைக் கவிதையில் முடிவு வரியையாவது பேசியவர் முடித்த இடத்திலேயே விடுங்கள் என்பேன். அதைவிடப் பெரிய கடமை ஒன்று இருக்கிறது. இருவரும் பகிர்ந்த அந்த மூடித் தண்ணீர் வழியாகத் தொற்று வரலாம் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லாமல் கவிதையில் மட்டும் சொல்வது பெரும் பிழை. நேர்காணல் முடிந்த கையோடு, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, ஊசி தனியாக இருந்தாலும் தண்ணீர், கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அவர் பகுதியில் ஊசித் திட்டம் நடத்தும் களப்பணியாளரிடம் சேர்த்துவிடுங்கள். பிறகு வீட்டுக்குப் போய் எழுதுங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் பெரும்பாலோர் சறுக்குவார்கள். ஆய்வுக்கு அவர் தந்த ஒப்புதல் கவிதைக்குச் செல்லாது. கட்டுரையில் இரண்டு வரி மேற்கோள் வருவதும், மேடையில் கவிதையாக வாசிக்கப்படுவதும் அவருக்கு ஒன்றல்ல. ஆய்வுக்கு, படைப்புக்கு, பொது மேடையில் வாசிப்பதற்கு என்று மூன்று தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள், ஒன்றுக்கு ஆம் சொல்லி மற்றதற்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இருக்கட்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் இதை முதலிலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், பாதியில் சேர்த்தால் திருத்தம் கொடுத்து மறுபடி காத்திருக்க வேண்டும். கேட்கும் இடமும் நேரமும் முக்கியம். போதைப்பொருளுக்குப் பதிலாகச் சிகிச்சையில் தரும் மாற்று மருந்துக்காக வரிசையில் நிற்பவரிடம் கேட்டால், மாட்டேன் என்றால் மருந்து தாமதமாகுமோ என்று நினைத்து ஆம் என்றுதான் சொல்வார். போதையில் இருக்கும்போதும் கேட்கக் கூடாது, போதை கிடைக்காமல் உடம்பு முறுக்கும்போதும் கேட்கக் கூடாது. மருந்து வாங்கி, டீ குடித்து, உடம்பு நிதானமாக இருக்கும் நேரத்தில், மருந்து கொடுக்கும் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். பயணப்படி தருவது நேர்காணலுக்கு மட்டும் என்றும், கவிதைக்குச் சரி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது மாறாது என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு இரண்டாவது முறை ஒப்புதல் வாங்க வேண்டும். தாளை நீட்டாமல் நீங்களே வாசித்துக் காட்டுங்கள், மூடிய அறையில், அவர் தனியாக இருக்கும்போது. “இதை எடுத்துடுங்க” என்றால் எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். அச்சுக்குப் போகும் தேதி வரை பின்வாங்கலாம் என்று அந்தத் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

அடையாளம் மறைப்பதில் கவிதைக்கும் ஆய்வுக்கும் நேரடி மோதல். கவிதைக்கு உயிர் தருவதே நுணுக்கம், ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதே நுணுக்கம்தான். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். முழங்கைத் தழும்பு, இரட்டைப் பெண் குழந்தைகள், மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கும் வேலை என்று மூன்றைச் சேர்த்தால் தெருவே அவரைச் சொல்லிவிடும். நான் பரிந்துரைக்கும் வழி: இடம், தேதி, சொந்தபந்தம், தொழில் ஆகியவற்றை மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்; வாசனை, கை அசைவு, சத்தம், பேச்சு நடை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆபத்து எப்படி வந்தது என்ற காரணத் தொடரை மாற்றாதீர்கள், மாற்றினால் அது ஆய்வுக் கவிதை என்று சொல்லிக்கொள்ள முடியாது. இந்தியாவில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்ட ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை, எழுத்தில் பதிந்த அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது அது. போதைப்பொருள் சட்டம் இன்னொரு பக்கம் நிற்கிறது. அமெரிக்காவில் ஆய்வில் சொல்லப்பட்டதை நீதிமன்றம் கேட்டாலும் தராமல் காக்கும் சான்றிதழ் ஆய்வாளருக்கு உண்டு. அங்கே எழுதப்பட்ட கட்டுரைகளைப் பார்த்து, நமக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதிவிடாதீர்கள். விற்பவர் யார், எந்த முனையில் கிடைக்கும் என்பது கவிதையில் மட்டுமல்ல, முடிந்தால் உங்கள் எழுத்துப்படியிலேயே இருக்கக் கூடாது.

உவமைகளைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஊசி என்றதும் பாம்பு, விஷப்பல், எமன் என்று போகும் பழக்கத்தை விடுங்கள். ஊசியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நரம்பில் நுழைந்ததா என்று பார்க்கப் பின்னுக்கு இழுக்கும்போது, தெளிந்த மருந்துக்குள் இரத்தம் ஒரு பூ விரிவதுபோல் ஏறும். கவிஞர்கள் அந்தப் பூவோடு நின்றுவிடுகிறார்கள். அழுத்தி முடித்த பிறகும் அந்தப் பூவில் கொஞ்சம் உள்ளேயே தங்குகிறது, தொற்று போவது அந்த மிச்சத்தில்தான். ஊசியைக் கழற்றி மாட்டும் சாதாரண சிரிஞ்சில் தங்கும் அளவு, ஊசி சேர்ந்தே வரும் 1 மில்லி இன்சுலின் சிரிஞ்சில் தங்குவதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் எந்த சிரிஞ்ச் என்பதும் கவிதைக்குரிய விவரம்தான். அதே கவனம் சொற்களுக்கும் வேண்டும். எச்.ஐ.வி. இருப்பவர் எல்லோரும் எய்ட்ஸ் நோயாளி இல்லை. ‘போதை அடிமை’ என்று அவரே தன்னைச் சொன்னால் அது அவர் சொல், அப்படியே விடுங்கள், ஆனால் நீங்களாக அவர் வாயில் போடாதீர்கள். ‘இப்போ சுத்தமாயிட்டான்’ என்பதை நாம் பாராட்டாகச் சொல்கிறோம், இன்னும் எடுத்துக்கொண்டிருப்பவர் அதைக் கேட்கும்போது தன்னை அழுக்கு என்கிறார்கள் என்றுதான் கேட்கும்.

நம் மரபில் ஒப்பாரி வலுவானது, அதனால் எச்.ஐ.வி. கவிதை என்றாலே சாவில் முடித்துவிடுகிறோம். 1990-இல் அது உண்மையாக இருந்தது. சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகியோரின் பணியால் இந்தியாவின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டபோது கையில் மருந்தே இல்லை. 1996-க்குப் பிறகு எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கியது, முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. இன்று நேரத்தோடு மருந்து தொடங்கி விடாமல் எடுப்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப்போல் நெடுநாள் வாழலாம். இன்றைய நேர்காணலை வைத்து எழுதும் கவிதை சாவில்தான் முடிய வேண்டும் என்றில்லை. அந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் டோக்கன் வரிசையில், மாத்திரை டப்பாவை எந்தப் பைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற யோசனையில், இரவு தூங்கும் நேரம் தள்ளிப்போய் மாத்திரை தவறுவதில் முடியலாம். இன்னொரு எச்சரிக்கை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது என்பது பெரிய ஆய்வுகளால் உறுதியானது. ஊசி பகிர்வதற்கு அதே உறுதியை நீட்டிச் சொல்ல முடியாது. கவிதையில் “இனி என்னிடமிருந்து யாருக்கும் வராது” என்று மொத்தமாக எழுதினால், நம்பிக்கையூட்டும் வரியாக இருந்தாலும், ஊசி எடுப்பவருக்கு அது தவறான தகவல்.

கவிதையால் என்ன பயன் என்று கேட்டால் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்தே சொல்ல வேண்டும். ஊசிக்குப் பதில் மாற்று மருந்து சிகிச்சை எடுப்பவர்களிடம் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வந்த முடிவு, 54 சதவீதம் என்றார்கள். போதுமான ஊசி கொடுப்பதும் குறைக்கிறது. கவிதை குறைக்கிறது என்பதற்கு அப்படி ஒரு சான்றும் கிடையாது. கவிதை கேட்டவர்களின் வெறுப்பு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவை, கேட்ட உடனே அளந்தவை, ஆறு மாதம் கழித்து அளந்தால் என்ன வரும் என்பது வேறு விஷயம். நியூசிலாந்தில் 2004-இல் வெளியான சோதனை ஒன்றை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். எச்.ஐ.வி. உள்ள 37 பேர் நான்கு நாள், தினம் 30 நிமிடம் எழுதினார்கள், மனத்தில் உள்ளதை எழுதியவர்களின் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடின. ஆனால் அவர்கள் எழுதியது கவிதை இல்லை, மனக்குமுறல். ஆட்களும் குறைவு. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் அதைக் காட்டி “கவிதைப் பட்டறையால் உடல்நலம் மேம்படும்” என்று எழுதாதீர்கள். “பங்கேற்பவர்களுக்கு ஆய்வு முடிவைத் திரும்பக் கொண்டுசெல்லும் வழி” என்று எழுதுங்கள், அது உண்மை, அதற்கே நிதி கேட்கலாம். முப்பது பக்க அறிக்கையைத் தெருவில் யாரும் படிக்க மாட்டார்கள், ஐந்து கவிதையை உட்கார்ந்து கேட்பார்கள், கேட்டுவிட்டு “இது இப்படி இல்ல சார்” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கான அனுமதியையும் நெறிமுறை விண்ணப்பத்தில் முன்பே கேட்டிருங்கள்.

வெளியிடுவதைப் பொறுத்தவரை அதிகம் குழம்ப வேண்டாம். ஆய்வுக் கட்டுரை தனியாகப் போகட்டும், அதன் முடிவுகள் பகுதியில் கவிதையை நுழைக்காதீர்கள். கவிதையாக்கிய முறையை விவரித்துத் தனிக் கட்டுரை எழுதினால் பண்புசார் ஆய்வு இதழ்கள் எடுத்துக்கொள்கின்றன, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கூடக் கவிதைக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறது. தமிழ்ச் சிற்றிதழுக்கு அனுப்பினால், இது எந்த வகைக் கவிதை என்ற அந்த ஒரு வரி விளக்கத்தை ஆசிரியர் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த ஆய்வுகளில் இரண்டாவது முறை வாசித்துக் காட்டப் போகும்போது ஆள் இறந்துபோயிருப்பது உண்டு, பெரும்பாலும் அளவு மீறிய போதையால் அல்லது ஈரல் நோயால். அப்போது வீட்டாரிடம் அனுமதி கேட்கலாம் என்று தோன்றும். கேட்கக் கூடாது. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது அவர் மனைவிக்கோ அம்மாவுக்கோ தெரியுமா என்பது உங்களுக்குத் தெரியாது, கவிதைத் தாளை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பதே அதைச் சொல்லிவிடும். அதனால் முதல் ஒப்புதலிலேயே நான்காவதாக ஒரு கேள்வி சேருங்கள்: “நான் திரும்ப வரும்போது நீங்கள் இல்லாவிட்டால், இதை என்ன செய்யட்டும்?” கேட்கக் கஷ்டமான கேள்விதான். ஆனால் அவர்களுக்குப் புதிதல்ல, நேராகவே பதில் சொல்வார்கள். போடு என்று சொல்லியிருந்தால் போடுங்கள். அப்படிச் சொல்லாமல் போனவரின் கவிதை எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.